மருந்து என்னும் நஞ்சு – நம் சுற்றுச்சூழல் கட்டுரைகள் பற்றி ஒரு திறனாய்வு

தமிழ்ப்பள்ளி மாணவர் எழுதும் கட்டுரைகளுள் ‘சுற்றுச்சூழல் தூய்மைக்கேடு’ என்பது எழுதி எழுதித் தேய்ந்த தலைப்பு. யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-ஆம் ஆண்டில் கைவிடப்பட்டது. ஆயினும் அத் தேர்வுக்கென வார்க்கப்பட்ட இக் கட்டுரையின் அச்சு இன்னும் கைவிடப்படவில்லை. வகுப்பறைப் பயிற்சியிலும், விழாக்காலப் போட்டிகளிலும், ஆண்டு மலர்களிலும் அதே அச்சில் வார்த்த கட்டுரைகளைக் காண்கிறோம்.

அக் கட்டுரையின் அமைப்பை ஆசிரியப் பெருமக்கள் நன்கு அறிவர். முன்னுரையில் ஓர் இலக்கணம். அடுத்துக் காற்று, நீர், நிலம் என மூன்று பிரிவு. தொழிற்சாலைப் புகைபோக்கி கரும்புகை கக்கும், ஆற்றில் நெகிழிப் பைகள் மிதக்கும், மீன்கள் செத்து ஒதுங்கும், துர்நாற்றம் வீசும், கொசு பெருகும். பின்னர்ச் ‘சுத்தம் சுகம் தரும்’ என்னும் பழமொழி. முடிவுரையில் அனைவரும் கைகோத்துத் துப்புரவுப் பணியில் ஈடுபடவேண்டும் என்ற வேண்டுகோள். நடை பிழையின்றி இருந்தால் நல்ல புள்ளியும் கிடைக்கும்.

இக் கட்டுரை பொய் சொல்கிறது என்பது எம் குற்றச்சாட்டு அன்று. அது கூறுவன யாவும் உண்மையே. ஆனால், இன்று மக்கள் உடலை நெடுங்காலம் வருத்தும் நஞ்சுகளுள் பெரும்பகுதியைச் சொல்வதற்கு அக் கட்டுரைக்கு வாயில்லை. காரணம் மாணவர் அறியாமை அன்று. நாம் அவர்களிடம் கொடுத்திருக்கும் சொற்களே காரணம். ‘தூய்மைக்கேடு’, ‘மருந்து’, ‘ஈயம்’ என்னும் மூன்று சொற்களை எடுத்துக்கொண்டு இதனை ஈண்டு ஆராய்வோம்.

தூய்மைக்கேடு

தூய்மை என்பது கண்ணும் மூக்கும் அறியும் பண்பு. தூய்மைக்கேடு என்றவுடன் மாணவன் உள்ளத்தில் தோன்றுவது அழுக்கு, நாற்றம், குப்பை ஆகியவையே. அழுக்கு என்றால் கழுவலாம். குப்பை என்றால் பெருக்கலாம். நாற்றம் என்றால் விலகி நிற்கலாம். ஆகவே கட்டுரையின் முடிவில் துடைப்பம் வருவது இயல்பே. நோயைச் சொல்லும் சொல்லே மருந்தையும் முடிவு செய்துவிடுகிறது.

செராஸ் வட்டாரத்தை ஒட்டி ஓடும் லங்காட் ஆற்றை எடுத்துக்கொள்வோம். உலு லங்காட் மலைச்சாரலில் தோன்றும் அவ்வாறு, செராஸ் பதினோராம் கட்டையைக் கடந்து, காஜாங், டெங்கில், பந்திங் வழியே சென்று மலாக்கா நீரிணையில் கலக்கிறது. பதினோராம் கட்டையில் அதன் நீரைச் சுத்திகரித்துக் குடிநீராக்கும் நிலையமும் உண்டு. இத்தகைய ஆறுகளில் நாற்றமுள்ள கழிவு கலந்துவிட்டால் உடனே தெரிந்துவிடும். 2020-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் ரவாங்கை அடுத்த கோங் ஆற்றில் அத்தகைய கழிவு கலந்தது. சிலாங்கூர் ஆற்று நீரை நம்பியிருந்த நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. கோலாலம்பூரிலும் சிலாங்கூரிலும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் குழாய் வறண்டது. மக்கள் வாளியோடு நின்றனர், செய்தித்தாள்கள் எழுதின, அரசு நடவடிக்கை எடுத்தது. நாற்றம் ஒரு வகையில் காவல்காரன். அது குரைக்கும், நாம் விழித்துக்கொள்வோம்.

நாறாத நஞ்சுக்கு அக் காவல்காரன் இல்லை. பாதரச ஆவிக்கு நிறமில்லை, மணமில்லை. பயிரில் தெளித்த பூச்சிநஞ்சின் எச்சம் மீனின் கொழுப்பில் தங்கியிருந்தால் அம் மீனின் செதிள் மங்குவதில்லை, சுவையும் கெடுவதில்லை. தமிழ்நாட்டுக் கொடைக்கானலை விடத் தூய ஊர் என்று வேறெதைச் சொல்வோம்? குளிர்காற்றுக்கும் பசுமைக்கும் பேர்போன அந்த மலையூரில்தான் 1983-ஆம் ஆண்டு முதல் வெப்பமானி செய்யும் தொழிற்சாலை ஒன்று பாதரசத்தைக் கையாண்டு வந்தது. பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு பழைய பொருள் வாங்கும் கடையொன்றில் கிடந்ததை 2001-இல் ஊர்மக்களும் சுற்றுச்சூழல் ஆர்வலரும் வெளிப்படுத்தினர், ஆலை மூடப்பட்டது. பல்லாண்டுப் போராட்டத்துக்குப் பின், 2016-இல் முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் இந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனம் ஓர் உடன்பாடு செய்துகொண்டது. தொழிலாளரின் நோய்க்குப் பாதரசமே காரணம் என்பதை நிறுவனம் ஒப்புக்கொள்ளவில்லை. இச் செய்தியை ‘தூய்மைக்கேடு’ என்னும் சொல்லுக்குள் அடக்க முயன்று பாருங்கள். அடங்காது. அங்கே கெட்டது தூய்மை அன்று, மக்கள் நலம்.

நஞ்சு சேரும் வகை

இவ்வகை நஞ்சுகளின் இயல்பைச் சிறிது விளங்கிக்கொண்டால்தான் சொற்குறை தெளிவாகும். சில செயற்கை வேதிப்பொருள்கள் எளிதில் சிதைவதில்லை. வெயிலும் மழையும் நுண்ணுயிரும் பிற பொருள்களை உடைத்து மண்ணோடு மண்ணாக்கும். இவற்றை அவ்வாறு விரைவில் உடைக்க இயலாது. இவை நீரில் கரைவது அரிது. கொழுப்பில் எளிதில் கரையும். எனவே சிறுநீரோடு வெளியேறாமல் உடற்கொழுப்பில் தங்கிவிடும். சிற்றுயிரைச் சிறுமீன் உண்ணும். சிறுமீனைப் பெருமீன் உண்ணும். பெருமீனைப் பறவையும் மனிதனும் உண்பர். உண்ணும் ஒவ்வொன்றும், தான் உண்டவை சேர்த்துவைத்த நஞ்சையெல்லாம் வாங்கித் தன்னிடம் வைத்துக்கொள்ளும்.

அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவில் தெளிந்த ஏரி எனப் பொருள்படும் பெயருடைய ஏரி ஒன்று உண்டு. கொசுவை ஒத்த சிறு பூச்சிகளை ஒழிக்க, 1949 முதல் 1957 வரை மூன்று முறை அதில் டி.டி.டி. என்னும் பூச்சிநஞ்சின் உறவான சேர்மம் ஒன்றை மிகச் சிறு அளவில் கலந்தனர். நீரில் அதன் அளவு பத்து லட்சத்தில் 0.02 பங்குதான். நுண்ணிய மிதவையுயிர்களில் அது 5 பங்காயிற்று. மீன் உண்ணும் முக்குளிப்பான் பறவைகளின் கொழுப்பிலோ 1,600 பங்கு காணப்பட்டது. நீரைவிட எண்பதாயிரம் மடங்கு! பறவைகள் மாண்டன. நீரில் இருந்த நஞ்சோ கண்ணுக்குத் தெரியவில்லை.

‘சிறுதுளி பெருவெள்ளம்’ என்னும் பழமொழியைச் சேமிப்புப் பற்றிய கட்டுரைக்கென்றே நாம் ஒதுக்கி வைத்திருக்கிறோம். தூய்மைக்கேட்டுக் கட்டுரைக்கு ‘சுத்தம் சுகம் தரும்’ என்பதைக் காட்டிலும் அப் பழமொழியே ஏற்றது. நாம் விரும்பாமலே உடல் செய்யும் சேமிப்பு இது. ‘அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு’ என்கிறோம். இங்கே அளவு என்பது இன்றைய ஒரு வேளை அளவன்று. முப்பது ஆண்டுகளின் கூட்டுத்தொகை.

அக் கூட்டுத்தொகை ஒருவர் வாழ்நாளோடு முடிவதுமில்லை. 1979-இல் தைவான் நாட்டில் பாலிகுளோரினேற்ற பைபீனைல் என்னும் தொழிற்பொருள் கலந்துவிட்ட சமையலெண்ணெயை ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் உண்டனர். அப்போது உண்ட பெண்கள், பின்னர்ச் சில ஆண்டுகள் கழித்துப் பெற்ற பிள்ளைகளும் வளர்ச்சியிலும் அறிவுத் திறனிலும் பின்தங்கியதை ஆய்வாளர் கண்டனர். எண்ணெய் நின்றுவிட்டது, தாயின் உடலில் இருந்த இருப்பு நிற்கவில்லை. கலிபோர்னியாவில் 1959 முதல் 1967 வரை கருவுற்ற தாய்மாரிடம் எடுத்துக் காக்கப்பட்ட குருதியைக் கொண்டு நடந்த ஆய்வொன்று 2015-இல் வெளியாயிற்று. டி.டி.டி. என்னும் பூச்சிநஞ்சின் ஒரு வகை தாயின் குருதியில் மிகுந்திருந்தால், அவள் பெற்ற பெண்ணுக்கு ஐம்பத்திரண்டு வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் காணும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காக இருந்தது என அது கூறிற்று. அதே ஆண்டில் உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை, டி.டி.டி.யைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று கருதத்தக்க பொருள்களின் பிரிவில் சேர்த்தது.

நிலையாமையைப் பாடுவதில் நம் இலக்கியத்துக்கு ஈடில்லை. உடல் நிலையாது, செல்வம் நிலையாது என்று ஓதி வளர்ந்தோம். நிலைத்து நிற்பதனாலேயே தீமையாகும் பொருளுக்கு நம்மிடம் பழக்கமான சொல் இல்லாமற் போனதில் வியப்பில்லை.

மருந்து

இனி நம் தோட்டப்புறத்துக்கு வருவோம். செராசில் இன்று அடுக்குமாடிகளும் நெடுஞ்சாலைகளும் நிற்கும் இடங்களுட் பல, ஒருகாலத்தில் ரப்பர்த் தோட்டங்கள். அத் தோட்டங்களிலும் கிள்ளான், பந்திங் பக்கத்துத் தோட்டங்களிலும் உழைத்த குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இந் நகர்ப்புறத்தில் குடியேறி வாழ்கின்றனர். அவர்கள் வீட்டுப் பாட்டிமாரிடம் ‘தோட்டத்தில் என்ன வேலை செய்தீர்கள்?’ என்று கேட்டால், ‘பால் மரம் வெட்டினேன்’ என்போர் பலர். ‘மருந்தடித்தேன்’ என்போரும் பலர்.

மருந்தடித்தல் என்னும் இத் தொடரை ஊன்றி நோக்குதல் வேண்டும். லாலான் புல்லையும் களையையும் கொல்லத் தெளித்த நீர்மத்துக்கு மருந்து என்று பெயர். தமிழ்நாட்டு உழவரும் பூச்சிமருந்து என்பர். மலையாளத்தாரும் பேச்சில் மருந்து என்ற சொல்லையே ஆள்வர். பயிருக்கு வந்த நோயைத் தீர்ப்பது என்ற கருத்தில் இவ் வழக்குத் தோன்றியிருக்கலாம். ஆனால் தோட்டத்தில் தெளித்தது நோய்க்கு மருந்தன்று, களைக்குக் கொலை. முன்னாளில் அவ் வேலைக்குப் பயன்பட்டது சோடியம் ஆர்சினைட். அதாவது பாஷாணத்தின் இனம். 1960-களில் பாராகுவாட் என்னும் களைநஞ்சு அதன் இடத்தைப் பிடித்தது. கிராமாக்சோன் என்னும் வணிகப் பெயரால் தோட்டமெங்கும் அறியப்பட்டது. பாஷாணத்தைவிடத் தீங்கு குறைந்தது என்றே வரவேற்கப்பட்டது. உண்மையிலோ, ஒரு வாய் விழுங்கினாலும் நுரையீரலைச் சிதைத்து உயிரைப் பறிக்கவல்லது அது. அதற்கு முறிமருந்து இல்லை.

இங்கே ஒரு வேறுபாட்டைக் குறிப்பது கடன். டி.டி.டி. போல் பாராகுவாட் உடற்கொழுப்பில் ஆண்டுக்கணக்கில் தங்குவதன்று. மண்ணில் களியோடு இறுகப் பிணைந்து பல்லாண்டு கிடக்கும். மனித உடலிலிருந்து பெரும்பகுதி வெளியேறிவிடும். ஆனால் தெளிக்கும் தொழிலாளிக்கு அது நாள்தோறும் புதிதாக வந்து சேரும். முதுகில் சுமந்த பம்பு ஒழுகும். தோம்பில் கலக்கும்போது கையில் தெறிக்கும். காற்று திரும்பினால் முகத்தில் படியும். கழுவ நீரில்லாத இடத்தில் அதே கையால் சோறுண்பர். தங்கி நிற்கும் நஞ்சு ஒரு வகை. தவறாது வந்துகொண்டிருக்கும் நஞ்சு மற்றொரு வகை. இரண்டும் நெடுங்காலத் தீங்கே. பாராகுவாட்டுடன் நெடுநாள் பழகுவதற்கும் பார்க்கின்சன் நோய்க்கும் தொடர்பு இருப்பதாகச் சில ஆய்வுகள் காட்டியுள்ளன. அது பற்றிய ஆராய்ச்சி இன்னும் முடிவுறவில்லை.

இத் தொழிலில் மிகுதியாக இருந்தோர் பெண்கள். அவர்களுள் தமிழ்ப்பெண்களே பெரும்பான்மை. 1992-இல், குரலற்ற பலியாட்கள் எனப் பொருள்படும் ஆங்கிலத் தலைப்பில் அவர்கள் நிலை பற்றிய ஆய்வு நூல் வெளிவந்தது. ஐரீன் பெர்னாண்டஸ் அம்மையார் நடத்திய தெனாகானித்தா அமைப்பும் பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட பூச்சிநஞ்சு எதிர்ப்பு வலையமைப்பும் அதன் பின்னணியில் இருந்தன. 2002-இல் அவ்வமைப்புகள் மற்றோர் ஆய்வையும் வெளியிட்டன. நகம் கழன்று விழுதல், மூக்கில் குருதி வடிதல், தோற்புண், கண் எரிச்சல், மூச்சுத் திணறல் எனத் தொழிலாளர் சொன்னவை அவ் வாய்வுகளால் வெளியுலகுக்குத் தெரிந்தன. 2002-இல் மலேசிய அரசு பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்துவதாக அறிவித்தது. 2006-இல் அத் தடை தளர்த்தப்பட்டது. 2020 சனவரி முதல் முழுத்தடை நடப்புக்கு வந்தது. அறிவிப்புக்கும் நிறைவேற்றத்துக்கும் இடையே பதினேழு ஆண்டுகள் கழிந்தன. அதற்குள் அப் பெண்களுட் பலர் தோட்டத்தைவிட்டே வந்துவிட்டனர்.

இவ்விடத்தில்தான் சொல்லின் பொறுப்பு வெளிப்படுகிறது. அறுபது வயதுப் பெண்மணி ஒருத்தி மூச்சுக்கோளாறோடு செராஸ் மருத்துவமனைக்கு வருகிறாள் என வைத்துக்கொள்வோம். ‘நச்சுப் பொருள் எதனோடும் பழகியதுண்டா?’ என்று இளம் மருத்துவர் கேட்டால், ‘இல்லை’ என்றே அவள் விடை சொல்வாள். அவள் பொய் சொல்லவில்லை. அவள் வாழ்நாளில் நஞ்சைத் தொட்டதில்லை, மருந்தைத்தான் தொட்டாள். நோயாளியின் குறிப்பேட்டில் இருபது ஆண்டு உழைப்பு இடம்பெறாமல் போய்விடும். ஒரு சொல்லின் மயக்கத்தால் ஒரு வாழ்க்கையின் சான்றே அழிந்துபோகிறது.

திருக்குறளில் மருந்து என ஓர் அதிகாரமே உண்டு. தொண்ணூற்றைந்தாம் அதிகாரமாகிய அதில் வள்ளுவர் வற்புறுத்துவது அளவறிந்து உண்பதும், நோயின் மூலத்தை ஆராய்ந்து அதனைத் தணிப்பதுமே. அத்தகைய பெருமை வாய்ந்த சொல்லைக் களைக்கொலை நீர்மத்தின் தகரப்பீப்பாயில் ஒட்டிவிட்டோம். ‘விருந்தும் மருந்தும் மூன்று நாள்’ என்பது நம் பழமொழி. இந்த ‘மருந்து’ மூன்று நாளில் போவதன்று.

‘பூச்சிக்கொல்லி’, ‘களைக்கொல்லி’ என்னும் நூல்வழக்குச் சொற்கள் இருக்கின்றனவே எனலாம். அவை மருந்தினும் மேலானவை, ஐயமில்லை. ஆயினும் பூச்சியை மட்டுமே கொல்லும், களையை மட்டுமே கொல்லும் என்ற எண்ணத்தை அவையும் ஊட்டுகின்றன. 1962-இல் வெளிவந்த ‘மௌன வசந்தம்’ என்னும் நூலில் ரேச்சல் கார்சன் அம்மையார் ஆங்கிலச் சொல்லுக்கும் இக் குறையையே கூறினார். உயிர்க்கொல்லி என்று பொருள்படும் சொல்லே பொருந்தும் என்றார். உலகை அசைத்த அந் நூலின் வன்மையில், பொருளுக்கு ஏற்ற பெயரிடும் அத் துணிவுக்கும் பங்குண்டு.

இலக்கியத்திலும் இச் சொல்லின் நிழல் படிந்திருக்கிறது. நம் தோட்டப்புறக் கதைகளில் கங்காணியின் கொடுமை உண்டு, கள்ளுக்கடை உண்டு, அட்டைக்கடி உண்டு, துண்டாடப்பட்ட தோட்டத்தைவிட்டு வெளியேறிய துயரம் உண்டு. மருந்தடிக்கும் பெண்ணும் அவற்றில் வருவாள். ஆனால் அவள் பெரும்பாலும் பின்னணிக் காட்சியாகவே வந்து போவாள். அவள் முதுகில் ஒழுகிய நீர்மம் இருபது ஆண்டு கழித்து என்ன செய்தது என்பது கதைக்கருவாவது அரிது. கேரளத்தில் காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் எண்டோசல்பான் என்னும் பூச்சிநஞ்சை 1970-களின் பிற்பகுதி முதல் 2000 வரை வானிலிருந்து தெளித்தனர். அங்கே பிறந்த குழந்தைகளின் துயரத்தை அம்பிகாசுதன் மாங்காடு ‘என்மகஜே’ என்னும் நாவலாக 2009-இல் எழுதினார். 2011-இல் இந்திய உச்ச நீதிமன்றம் அப் பொருளுக்குத் தடை விதித்தது. 2017-இல் பாதிக்கப்பட்டோர் ஒவ்வொருவருக்கும் ஐந்து லட்ச ரூபாய் வழங்கக் கேரள அரசைப் பணித்தது. நாவல் தடையைக் கொண்டுவந்தது என்று யாம் கூறவில்லை. வழக்கில் எண்களாக நின்றவர்களை நாவல் மனிதராக நிறுத்திற்று. அப் பணி நம் எழுத்தாளருக்கும் காத்திருக்கிறது.

ஈயமும் காரீயமும்

மூன்றாவது சொல் ஈயம். மலேசியத் தமிழருக்கு ஈயம் என்றால் ஈயச் சுரங்கம்தான் நினைவுக்கு வரும். கோலாலம்பூர் நகரே அதனால் எழுந்தது. வீட்டிலோ ஈயம் பூசிய பித்தளைப் பாத்திரமும் ரசம் கொதிக்கும் ஈயச்சொம்பும் நினைவுக்கு வரும். இவையெல்லாம் வெள்ளீயம். உடல்நலக் கட்டுரைகளில் ‘ஈயம் குழந்தையின் மூளையைக் கெடுக்கும்’ என்று வருவதோ காரீயம். இரண்டும் வேறு வேறு உலோகங்கள். பழந்தமிழர் வெண்மை கருமை கொண்டு இவற்றைப் பிரித்தே பெயரிட்டனர். அடைமொழியை நாம் விட்டுவிட்டோம். அதனோடு பொருளும் போயிற்று.

விளைவு என்ன? கட்டுரையைப் படிக்கும் தாய், ‘பாட்டி காலந்தொட்டு ஈயச்சொம்பில்தானே ரசம் வைக்கிறோம், யாருக்கு என்ன ஆயிற்று?’ என்று எண்ணி எச்சரிக்கையைப் புறக்கணிப்பாள். அல்லது நல்ல வெள்ளீயச் சொம்பை எறிந்துவிட்டு, காரீயம் கலந்த வண்ணப்பூச்சு உரியும் சுவரருகே குழந்தையை விளையாட விடுவாள். இரண்டும் தவறு. காரீயமும் நிலைத்து நிற்கும் நஞ்சுதான். அது எலும்பில் சுண்ணச்சத்தின் இடத்தில் புகுந்து பத்து, இருபது ஆண்டுகளுக்கு மேலும் தங்கும்; தாய் கருவுற்ற காலத்தில் எலும்பிலிருந்து கசிந்து குழந்தையை அடையும். குழந்தைக்குத் தீங்கற்ற அளவு என்று ஒன்று காரீயத்துக்கு அறியப்படவில்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். காரீயம் கலந்த கார் எண்ணெயை உலகில் கடைசியாகக் கைவிட்ட நாடு அல்சீரியா. அது நடந்தது 2021-இல்தான். நூறாண்டுக் காலம் உலகத் தெருக்களில் தெளித்த பொருளைக் குறிக்க ஒரே ஓர் அடைமொழி எழுதச் சோம்புதல் தகுமா?

ஒரு மறுப்பும் அதற்கு விடையும்

இவற்றைப் படிப்போர் இரு மறுப்புகள் கூறலாம். ‘பூச்சிநஞ்சுகளால் நன்மை விளையவில்லையா? டி.டி.டி. மலேரியாவிலிருந்து கோடிக்கணக்கானோரைக் காக்கவில்லையா?’ என்பது ஒன்று. காத்தது உண்மை. அதன் பூச்சி கொல்லும் ஆற்றலை 1939-இல் கண்டறிந்த பால் முல்லருக்கு 1948-இல் நோபல் பரிசு கிடைத்ததும் உண்மை. 2001-இல் ஸ்டாக்ஹோம் நகரில் உலக நாடுகள் கூடி, சிதையாத நஞ்சுகளுள் முதலில் பன்னிரண்டைக் கட்டுப்படுத்த உடன்படிக்கை செய்தபோதும், நோய்பரப்பும் பூச்சிகளை ஒழிக்க மட்டும் டி.டி.டி.க்கு விலக்களித்தன. நஞ்சைத் தக்க இடத்தில் அறிந்து பயன்படுத்தலாம். நஞ்சு என்று அறிந்து பயன்படுத்துவோன் கையுறை அணிவான்; மருந்து என்று எண்ணிப் பயன்படுத்துவோன் அணியான். எம் வாதம் அவ்வளவே.

‘சொல்லை மாற்றினால் நஞ்சு நீங்குமா? சட்டமன்றோ வேண்டும்?’ என்பது மற்றொன்று. சட்டமே வேண்டும், மறுக்கவில்லை. 2018-இல் சீனா நெகிழிக் கழிவு இறக்குமதியை நிறுத்தியபின், லங்காட் ஆற்றின் கீழ்ப்பகுதியில் உள்ள கோல லங்காட் மாவட்டத்து ஜெஞ்சாரோம் பகுதியில் உரிமமற்ற கழிவாலைகள் முளைத்தன. நெகிழியை இரவில் எரித்தனர். அவற்றை மூடுவித்தது சட்டத்தின் கை. ஆனால் அக் கையை அசைத்தவர்கள், மூச்சுத்திணறலையும் புகையையும் இணைத்துச் சொல்லத் தெரிந்த ஊர்மக்கள். முறையீடு எழுதுவதற்குச் சொல் வேண்டும். சொல்லில்லாதவர் முறையீடு பெருமூச்சாகவே முடியும். மேலும், சில நெகிழிகள் எரியும்போது உண்டாகும் டையாக்சின் நஞ்சு, புகை அடங்கியபின்னும் மண்ணில் தங்கும் என்பதை அறியாதவர், புகை நின்றதும் தீமை நின்றது என்று எண்ணி அமைந்துவிடுவர்.

ஒன்று மட்டும் எச்சரிக்கை. உண்மை கூறுவதாக எண்ணி அச்சத்தை விதைத்தலும் தீதே. தாய்ப்பாலிலும் இந் நஞ்சுகளின் சுவடு காணப்படுகிறது என்று எழுதும்போது, அதனால் தாய்ப்பாலை நிறுத்தலாகாது, அதன் நன்மையே மிகப் பெரிது என மருத்துவ உலகம் வற்புறுத்துவதையும் சேர்த்தே எழுத வேண்டும். பாதி உண்மையும் ஒருவகை நஞ்சு.

ஆசிரியர் செய்யத்தக்கவை

தமிழாசிரியர் செய்யத்தக்கவை எளியவை. ‘தூய்மைக்கேடு’ என்னும் சொல்லைக் குப்பைக்கும் நாற்றத்துக்கும் வைத்துக்கொள்ளலாம்; அதன் அருகே ‘நச்சேற்றம்’ என்னும் சொல்லையும் கற்பிக்கலாம். சிதையாத நஞ்சுகளை ‘நிலைநஞ்சு’ எனலாம். பூச்சிமருந்து, களைமருந்து என்று மாணவர் எழுதினால் பூச்சிநஞ்சு, களைநஞ்சு என்று திருத்தலாம். காரீயத்துக்கு அதன் அடைமொழியை மீட்டுக் கொடுக்கலாம். காற்று, நீர், நிலம் என்னும் மூன்று பிரிவோடு உடல் என நான்காவதொரு பிரிவைச் சேர்க்கலாம். நஞ்சு போய்த் தங்குமிடம் அதுவன்றோ?

இவற்றினும் சிறந்த பயிற்சி ஒன்று உண்டு. தோட்டத்தில் வேலை செய்த பாட்டி, தாத்தா அல்லது அண்டை வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் சென்று, பின்வரும் வினாக்களுக்கு விடை கேட்டு எழுதி வருமாறு மாணவரைப் பணிக்கலாம். எந்தத் தோட்டத்தில், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை மருந்தடித்தீர்கள்? அதன் நிறம் என்ன, மணம் என்ன? பீப்பாயில் என்ன பெயர் எழுதியிருந்தது? எதில் கலந்தீர்கள்? கையுறை உண்டா? வேலை முடிந்தபின் உடையை எங்கே துவைத்தீர்கள்? காலிப் பீப்பாயை என்ன செய்தீர்கள்? உடம்புக்கு என்ன வந்தது? விடைகளை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதட்டும். மருந்து என்று சொன்னால் மருந்து என்றே எழுதட்டும். பிறகு அதன்கீழ் அப் பொருளின் உண்மைப் பெயரை மாணவர் தேடி எழுதட்டும்.

அவ்வாறு எழுதப்படும் கட்டுரையில் அணிநயம் குறைவாக இருக்கலாம். முடிவுரையில் வேண்டுகோளும் இல்லாதிருக்கலாம். ஆனால் அதன் ஒரு படி அப் பெரியவரின் கையிலேயே இருந்தால், அடுத்த முறை மருத்துவமனைக்குச் செல்லும்போது மருத்துவர் முன் அதனை நீட்டலாம். மருந்தடித்த தலைமுறைக்கு வயது முதிர்ந்துவிட்டது. அவர்கள் இருக்கும்போதே இக் கட்டுரைகள் எழுதப்படல் வேண்டும்.